தமிழ்ப் பாடவேளையில் நாடகம்: எந்த வகுப்புக்கு எந்த வகை?

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "நாடகம்னா பிள்ளைங்க உயிரைக் கொடுத்துச் செய்யறாங்க. ஆனா போர்ஷன் முடிய மாட்டேங்குது. தமிழ்ப் பாடவேளைக்குள்ளேயே நாடகத்தைக் கொண்டுவர வழி இருக்கா?"

வழி இருக்கிறது. ஒன்றல்ல, ஐந்து. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சிக்கல். நாடகம் என்றதும் நமக்கு ஆண்டு விழா மேடைதான் கண்முன் வருகிறது. அட்டைக் கிரீடம், வாடகை உடை, மூன்று வார ஒத்திகை. அதைப் பார்த்துப் பயந்தே பலர் நாடகம் பக்கம் வருவதில்லை. மொழி கற்பிக்க நினைப்பவருக்கு அந்த ஐந்தில் மிகக் குறைவாகப் பயன் தருவது அதுதான் என்பது என் கருத்து. ஏன் என்று கீழே வருகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். வகுப்பறை நாடகத்தால் மொழித்திறன் உண்மையிலேயே வளருமா? ஆன் பொட்லோஸ்னி என்ற ஆய்வாளர் இது குறித்து வெளிவந்த 80 ஆய்வுகளைத் தொகுத்து 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கதையைப் புரிந்துகொள்வது, வாசிப்பு, பேச்சு, எழுத்து ஆகியவற்றில் நாடகம் உதவுகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. சொல்வளம் கூடுகிறதா என்பதில் மட்டும் உறுதியான முடிவு கிடைக்கவில்லை. ஆகவே 'அருஞ்சொற்பொருள் மனப்பாடம் ஆகும்' என்று நம்பி நாடகத்துக்குள் இறங்க வேண்டாம். மற்றவற்றுக்கு இறங்கலாம்.

## எதை வைத்து அளப்பது?

என்னைப் பொறுத்தவரை நான்கு கேள்விகள் போதும்.

ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிடம் வாய் திறக்கிறது? 35 பேர் உள்ள வகுப்பு, 40 நிமிடப் பாடவேளை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாசித்தால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். மீதி 39 நிமிடம் வேடிக்கை. எந்த நாடக முறையானாலும் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.

எந்தத் தமிழ்? வேறு மொழிகளில் எழுதப்பட்ட ஆசிரியர் கையேடுகளில் இந்தக் கேள்வி இருக்காது. ஆனால் நமக்கு இதுதான் தலையாய கேள்வி. வீட்டில் பிள்ளை பேசுவது "வந்துட்டாங்க". பாடநூலில் இருப்பது "வந்துவிட்டார்கள்". முதல் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு எழுத்துத் தமிழ் ஏறக்குறைய இன்னொரு மொழி. சொந்தமாகப் பேசி நடிக்கும் நாடகம் பேச்சுத் தமிழை வளர்க்கும். எழுதியதை வாசித்து நடிக்கும் நாடகம் எழுத்துத் தமிழை வாயில் பழக்கும். இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. திருப்பூர், ஓசூர் பக்கம் வீட்டில் இந்தியோ ஒடியாவோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது இன்னும் பெரிய கேள்வி. அவர்களுக்கு இரண்டு தமிழுமே புதிது.

எந்தத் திறனுக்காக? தடங்கலில்லாத வாசிப்புக்கா, பயமில்லாத பேச்சுக்கா, சொந்தமாக நாலு வரி எழுதுவதற்கா? "எல்லாத்துக்கும்" என்பது பதில் ஆகாது.

ஆசிரியருக்கு என்ன செலவு? பணத்தை மட்டும் சொல்லவில்லை. தயாரிப்பு நேரம், பக்கத்து வகுப்பு ஆசிரியரின் முறைப்பு, வட்டாரக் கல்வி அலுவலர் திடீரென்று உள்ளே நுழைந்தால் காட்டுவதற்கு நோட்டில் ஏதாவது இருக்கிறதா என்ற கவலை, எல்லாம் சேர்த்துத்தான்.

## 1. மேடை நாடகம்

பத்து வேடங்கள் உள்ள நாடகம் என்று வைத்துக்கொள்வோம். அதில் நான்கு பேருக்குத்தான் நிறைய வசனம். அந்த நான்கு பேர் யார்? ஏற்கெனவே நன்றாக வாசிக்கும், கூச்சமில்லாமல் பேசும் பிள்ளைகள். திக்கித் திணறுகிறவர்கள் மரமாகவும் மானாகவும் நிற்பார்கள். மொழிப் பயிற்சி யாருக்குத் தேவையோ அவர்களுக்கு வசனமே இல்லை. இளவரசி வேடம் எந்த நிறத்துப் பெண்ணுக்குப் போகிறது, வேலைக்காரன் வேடம் யாருக்குப் போகிறது என்பதையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

இப்போது பல பள்ளிகளில் வசனத்தை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து ஓடவிட்டு, பிள்ளைகளை வாயசைக்க வைக்கிறார்கள். மைக் தொல்லை இல்லை, மறதித் தொல்லை இல்லை. மொழியும் இல்லை.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். உடை வாடகை பெற்றோர் தலையில் விழுகிறது. ஒத்திகைக்காக எடுக்கப்படும் பாடவேளைகள் திரும்பி வருவதில்லை. நடிக்காத பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் "சத்தம் போடாம எழுதிட்டு இருங்க" என்பதுதான் பாடம்.

அப்படியானால் விட்டுவிடலாமா? வேண்டாம். ஊரே கூடி உட்கார்ந்து தன் பிள்ளையை மேடையில் பார்ப்பது பள்ளிக்கும் ஊருக்குமான உறவு. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்கும் மேடை நாடகம் தேவைப்படுகிறது. அதை விழாவாகவே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பாடவேளைக் கணக்கில் எழுத வேண்டாம்.

## 2. வாசிப்பு நாடகம்

ஒரே ஒரு முறையை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

ஆங்கிலத்தில் ரீடர்ஸ் தியேட்டர் என்கிறார்கள். உடை இல்லை, மேடை இல்லை, மனப்பாடம் இல்லை. பிள்ளைகள் கையில் தாளை வைத்துக்கொண்டு குரலால் மட்டும் நடிக்கிறார்கள். தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்பதுதான் விதி. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் வாசிப்பு சரளமாகும் என்பது 1970களிலிருந்தே தெரிந்த விஷயம். ஆனால் "இன்னொரு தடவை படி" என்றால் எந்தப் பிள்ளை படிக்கும்? "வெள்ளிக்கிழமை நாலாம் வகுப்புக்கு வாசிச்சுக் காட்டப் போறோம்" என்றால் பத்து தடவை படிக்கும்.

அமெரிக்காவில் 1990களின் இறுதியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பத்து வாரம் இப்படிச் செய்து பார்த்தார்கள். தினமும் அரை மணி நேரம், வாரக் கடைசியில் வாசித்துக் காட்டல். வழக்கமான வகுப்புப் பிள்ளைகளைவிட இவர்களின் வாசிப்பு வேகம் தெளிவாகக் கூடியது. அந்த வார ஒழுங்கை அப்படியே நாமும் எடுத்துக்கொள்ளலாம். திங்கள் ஆசிரியர் வாசிப்பார். செவ்வாய், புதன் குழுவில் வேடம் மாற்றி மாற்றி வாசிப்பு. வியாழன் ஒத்திகை. வெள்ளி அரங்கேற்றம். நமக்கு அரை மணி நேரம் கிடைக்காவிட்டால் 15 நிமிடமாவது தினமும் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் செய்தால் பலன் இல்லை.

வசனத் தாளை எப்படி எழுதுவது என்பதில்தான் சூட்சுமம். எல்லாருக்கும் தெரிந்த வடை கதையையே எடுத்துக்கொள்வோம்.

கதைசொல்லி 1: மரத்தடியில் ஒரு பாட்டி வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.
கதைசொல்லி 2: கிளையில் உட்கார்ந்திருந்த காகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.
காகம்: பாட்டி அந்தப் பக்கம் திரும்பட்டும், ஒரே கொத்து!
எல்லாரும்: கா... கா... கா...
நரி: காக்கா, காக்கா, உன் பாட்டைக் கேட்டு எத்தனை நாளாச்சு! ஒரு பாட்டுப் பாடேன்.
கதைசொல்லி 1: காகத்தின் வாயில் வடை இருந்தது. மனத்தில் ஆசை பொங்கியது.

கதைசொல்லிக்கு எழுத்துத் தமிழ், பாத்திரங்களுக்குப் பேச்சுத் தமிழ். இன்று நரியாக வாசித்த பிள்ளை நாளை கதைசொல்லியாகும்போது "பார்த்துக்கொண்டிருந்தது" என்ற நீளச் சொல் அதன் நாவில் உருள ஆரம்பிக்கிறது. எந்தத் தமிழ் எங்கே என்பதை இலக்கண வகுப்பு வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. "எல்லாரும்" வரியைக் கவனியுங்கள். எண்ணும் எழுத்தும் (அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) வகுப்பில் அரும்பு நிலையில், அதாவது தொடக்கப் படியில், இருக்கும் பிள்ளைக்கு அந்த வரி. அடிக்கடி வரும், குறுகியது, தப்பாகாது. அடுத்த வாரம் அதே பிள்ளைக்கு இரண்டு சொல் கொண்ட ஒரு வரி.

கணக்குப் போடுவோம். ஏழு பேர் கொண்ட ஐந்து குழு. ஐந்தும் ஒரே நேரத்தில் வாசிக்கும். ஆளுக்கு ஐந்தாறு நிமிடம் வாய்க்கு வேலை, மற்ற நேரம் தன் வரி எப்போது வரும் என்று விரலை வைத்துத் தொடரும் கண்ணுக்கு வேலை.

செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். சத்தம். ஐந்து குழு சேர்ந்து வாசித்தால் சந்தைக்கடைதான். இரண்டு குழுவை மரத்தடிக்கு அனுப்பினால் கொஞ்சம் குறையும். வாரம் ஒரு வசனத்தாள் எழுத ஒரு மணி நேரமாவது ஆகும். பாடநூலில் உரையாடலாகவே இருக்கும் பாடங்களை முதலில் எடுத்தால் அந்த வேலை மிச்சம். ஜெராக்ஸ் செலவு பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தப் பையிலிருந்துதான். பெரிய பிள்ளைகளை வைத்து வசனத்தாளைப் பார்த்து எழுதச் சொல்லலாம், அதுவும் பயிற்சியே.

எல்லாவற்றையும்விட ஏமாற்றும் செலவு ஒன்று உண்டு. காதால் கேட்டே முழு வசனத்தையும் ஒப்பிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள். தாள் தலைகீழாக இருக்கும், வசனம் பிசகாது. பார்க்கிறவர்கள் "பிரமாதமா வாசிக்கிறானே" என்பார்கள். புதன்கிழமை வாக்கில் தாளின் நடுவில் ஒரு வரியைத் தொட்டு "இதை மட்டும் வாசி" என்று கேட்டால் தெரிந்துவிடும். இரண்டாம் வகுப்பில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பேச்சுத் தமிழில் வசனம் எழுதினால் தேர்வுத்தாளில் "போயிட்டான்" என்று எழுதுவார்களே என்ற பயம் நியாயமானதே. சில பேர் எழுதத்தான் செய்வார்கள். பாத்திரம் பேசும் வரிகளை மட்டும் வேறு நிற மையில் எழுதிக் கொடுத்தால் பெருமளவு குறைகிறது.

## 3. ஆசிரியரே பாத்திரமாவது

இங்கிலாந்தின் டோரதி ஹீத்கோட் (1926–2011) வளர்த்தெடுத்த முறை. 14 வயதில் பள்ளியை விட்டு நெசவாலை வேலைக்குப் போனவர். பிற்பாடு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கே வகுப்பு எடுத்தார். அவர் வழியில் பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது. வகுப்பு மொத்தமும் ஒரு சூழ்நிலைக்குள் நுழைகிறது. ஆசிரியரும் ஒரு பாத்திரம்.

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக "பாரி வள்ளல், இரக்கமுள்ளவர்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவோம். இப்படிச் செய்து பாருங்கள். ஆசிரியர் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்கிறார். இப்போது அவர் பாரியின் தேரோட்டி. குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு பறம்பு மலை ஊருக்குள் நடந்து வருகிறார். வகுப்புதான் ஊர்.

"என்னப்பா, தேர் எங்க?"
"ராஜா ஒரு கொடிக்குக் கொடுத்துட்டாருங்க."
"கொடிக்கு எதுக்குத் தேரு? ஒரு குச்சி நட்டா போதாதா?"

இந்தக் கேள்வி எப்படியும் வரும். வர வேண்டிய கேள்வியும் அதுதான். தேரோட்டியால் பதில் சொல்ல முடியாது, அவரே குழம்பிப்போய்த்தான் வந்திருக்கிறார். "அதைத்தான் நானும் கேக்குறேன். உங்கள்ல யாராச்சும் ராஜாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" என்று பந்தை ஊர்க்காரர்களிடமே தள்ளிவிடலாம். வழக்கமாக "மிஸ், தெரியலை மிஸ்" என்று உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் இங்கே ஊர்ப் பெரியவர்களாகப் பேசுவார்கள். ஏனென்றால் இந்த அறையில் விடை தெரியாதவர் ஆசிரியர்.

இரண்டாம் கட்டம் இன்னும் முக்கியம். துண்டை எடுத்துவிட்டு ஆசிரியர் இப்போது அரசவைக் காவலர். "அரசரிடம் பேச வந்தவர்கள் அவை முறைப்படி பேச வேண்டும்." அவ்வளவுதான். தேரோட்டியிடம் "குச்சி நட்டா போதாதா" என்று கேட்ட அதே பிள்ளை, "அரசே, ஒரு கொம்பு நட்டிருந்தால் போதுமே" என்று தடுமாறியாவது சொல்லப் பார்க்கும். எழுத்துத் தமிழுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பாடவேளை முடியும்போது வாய் உலர்ந்த பிள்ளைகளிடம் "அரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்" என்று நோட்டைக் கொடுங்கள். கடிதம் எழுதுதல் பாடமும் முடிந்தது, நோட்டில் எழுத்தும் இருக்கிறது.

பேச்சு நேரத்தைப் பார்த்தால் இது சுமார்தான். 40 நிமிடத்தில் பதினைந்து பேர் பேசினாலே அதிகம். ஆனால் எழுதும்போது 35 பேருக்கும் சொல்ல ஏதாவது இருக்கிறது. எழுத்துப் பயிற்சிக்கு இதைவிட நல்ல முன்வேலை எனக்குத் தெரியவில்லை.

செலவு முழுக்க ஆசிரியரின் மனத்தில். பொருள் எதுவும் வேண்டாம், ஒரு துண்டு போதும். ஆனால் வகுப்பில் கொஞ்சம் கோமாளியாகத் தெரிய மனம் ஒப்ப வேண்டும். திட்டமிட்ட பாதையை விட்டுப் பேச்சு எங்கேயாவது ஓடும். "குதிரையை வித்துடலாமா?" என்று ஒரு கும்பல் கிளம்பினால் அதற்கும் ஈடு கொடுக்க வேண்டும். வகுப்புக் கட்டுப்பாடு இன்னும் கைக்கு வராத முதல் ஆண்டு ஆசிரியர் இதில் தொடங்க வேண்டாம். இன்னொன்று, பாத்திரத்திலிருந்து வெளியே வரும் அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும். துண்டு தோளில் இருந்தால் தேரோட்டி, மேசை மேல் இருந்தால் டீச்சர். சின்னப் பிள்ளைகளுக்கு இது குழம்பினால் சிலர் பயந்துவிடுவார்கள்.

## 4. பிள்ளை சொல்லும் கதையை நடிப்பது

சிகாகோவில் மழலையர் வகுப்பு ஆசிரியராக இருந்த விவியன் பேலியின் வழி. ஒரு பிள்ளை கதை சொல்லும், ஆசிரியர் அதன் கண்ணெதிரிலேயே எழுதுவார். அதே நாளில் வகுப்பு அதை நடிக்கும். கதை மூன்று வரி இருந்தாலும் சரி. "நாய் வந்துச்சு. பூனை ஓடிச்சு. அம்மா வந்தாங்க."

முதல், இரண்டாம் வகுப்புக்கு இதற்கு நிகர் இல்லை. வாயிலிருந்து வந்தது தாளில் எழுத்தாக நிற்பதை, தாளில் நிற்பது மறுபடி நடிப்பாக எழுவதை அந்த வயதில் கண்ணால் பார்ப்பது பெரிய விஷயம். எழுதும்போது பிள்ளை சொன்னபடியே "வந்துச்சு" என்று எழுதுவதா, "வந்தது" என்று திருத்துவதா? நான் சொன்னபடியே எழுதச் சொல்வேன். திருத்தினால் அது டீச்சரின் கதை ஆகிவிடும். நடித்து முடித்த பிறகு பக்கத்தில் எழுத்துத் தமிழில் ஒரு வரி சேர்க்கலாம்.

செலவு: ஒருநாளைக்கு ஒன்றிரண்டு கதைதான் முடியும். 35 பேருக்கும் முறை வர ஒரு மாதம் ஆகும், அதுவரை "மிஸ், என் கதை எப்போ?" நச்சரிப்பு. மூன்றாம் வகுப்புக்கு மேல் இதை இழுக்க வேண்டாம்.

## 5. பொம்மை, முகமூடி

கூச்சப் பிள்ளைகளுக்கு மட்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை கையில் ஒரு குச்சிப் பொம்மை இருந்தால் பொம்மையின் பின்னால் நின்று பேசும். தமிழ் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கும் இது நல்ல மறைப்பு. ஆனால் பொம்மை செய்வதிலேயே பாடவேளை போய்விடும் ஆபத்து உண்டு. வெட்டி, ஒட்டி, வண்ணமடித்து முடிக்கையில் மணி அடித்திருக்கும். பொம்மையைக் கைவேலை வகுப்பில் செய்யுங்கள், தமிழ் வகுப்பில் பேச வையுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| முறை | வாய் திறக்கும் நேரம் | எந்தத் தமிழ் | எதற்கு நல்லது | கண்ணுக்குத் தெரியாத செலவு | ஏற்ற வகுப்பு |
|---|---|---|---|---|---|
| மேடை நாடகம் | சிலருக்கு மட்டும் | மனப்பாடத் தமிழ் | துணிச்சல், ஊர் உறவு | பாடவேளைகள், உடை வாடகை | 4, 5 |
| வாசிப்பு நாடகம் | எல்லாருக்கும், அதிகம் | இரண்டும் | சரளமான வாசிப்பு | வசனத்தாள் தயாரிப்பு, சத்தம் | 2 முதல் 5 |
| ஆசிரியர் பாத்திரமாவது | பாதிப் பேருக்கு | பேச்சிலிருந்து எழுத்துக்கு | பேச்சு, சொந்த எழுத்து | ஆசிரியரின் துணிவு, அனுபவம் | 3 முதல் 5 |
| பிள்ளையின் கதை | நாளுக்கு ஓரிருவருக்கு | பேச்சுத் தமிழ் | எழுத்தறிமுகம் | காத்திருப்பு | 1, 2 |
| பொம்மை | குறைவு | பேச்சுத் தமிழ் | கூச்சம் போக | செய்யும் நேரம் | 1 முதல் 3 |

## உங்கள் வகுப்பு எது?

மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வாசிப்பு நாடகம். ஒரு பருவம் முழுக்க அதை மட்டும் செய்யுங்கள். நடுவில் வேறொன்றுக்குத் தாவினால் இரண்டும் கெட்டது.

ஐந்தாம் வகுப்பு, வாசிப்பில் குறையில்லை, ஆனால் கட்டுரை எழுதச் சொன்னால் எல்லா நோட்டிலும் ஒரே கோனார் உரை வாசனை. அங்கே ஆசிரியர் பாத்திரமாக வேண்டும். மாதம் இருமுறை போதும். மனுநீதிச் சோழன் கதையில் ஆராய்ச்சி மணி அடித்த பிறகு திருவாரூர்த் தெருவில் நடந்த பேச்சு, ஏரிக்கரை உடையப் போகிறது என்று ஊருக்குச் சொல்ல வந்த காவலாள், இப்படி ஒரு சிக்கலோடு தொடங்குங்கள். நல்லவர் கதைகளைவிட சிக்கல் கதைகள் பேச வைக்கும்.

தமிழ் வீட்டுமொழி அல்லாத பிள்ளைகள் நான்கைந்து பேர் இருந்தால் வாசிப்பு நாடகத்தில் "எல்லாரும்" வரிகளை இரட்டிப்பாக்குங்கள். கூட்டத்தோடு கூட்டமாக வாய் பழகிய பிறகு தனி வரி கொடுக்கலாம். முதல் வாரமே தனி வரி கொடுத்து நிறுத்தினால் உச்சரிப்பைக் கேட்டு யாராவது சிரிப்பார்கள், அதோடு அந்தப் பிள்ளை மூடிக்கொள்ளும்.

ஈராசிரியர் பள்ளிக்குக் கணக்கே வேறு. ஒரே அறையில் மூன்று வகுப்புகள். இங்கே வாசிப்பு நாடகம் சுமையாக இராது, கைகொடுக்கும். ஐந்தாம் வகுப்புக்குக் கதைசொல்லி வரிகள், மூன்றாம் வகுப்புக்குப் பாத்திர வரிகள், முதல் வகுப்புக்கு "எல்லாரும்". ஒரே தாள், ஒரே நேரம், மூன்று வகுப்புக்கும் வேலை. வசனத்தாளைப் பெரிய சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினால் ஜெராக்ஸும் தேவையில்லை. எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிகிறதா என்பதை மட்டும் பின்னால் போய் நின்று பார்த்துவிடுங்கள்.